நம் ஹாலில் இருக்கும் நேட் விமானத்தின் கதை

கம்யூனிட்டி ஹாலில், நூலக அலமாரியை ஒட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மர விமானம் வந்து உட்கார்ந்திருப்பதை இந்தக் காலாண்டில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வாட்ஸ்அப் குழுவில் அதைத் தேஜஸ் என்று ஒருவர் எழுதினார், மிக் என்று இன்னொருவர் திருத்தினார். பிள்ளைகள் ரஃபேல் என்று முடிவே கட்டிவிட்டார்கள். மூன்றும் இல்லை. அதன் பெயர் நேட். ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ஒரு ஜி வரும், உச்சரிப்பில் வராது. கொசுவைப் போன்ற, அதைவிடவும் சின்ன ஒரு பூச்சியின் பெயர் அது.

செய்தவர் பி பிளாக்கில் இருக்கும் பெரியவர். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் வார்ப்புக்கு மரப் பேட்டர்ன் செய்து பழகிய கை. தன் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் போடவில்லை. மாலையில் நடைப்பயிற்சிக்கு வரும்போது கேட்டால் அவரே சொல்வார், அதுவும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல்.

பெட்டியின் கீழே ஒரு விவரப் பலகை வைக்கலாம் என்று செயற்குழுவில் முடிவாகி, நான்கு வரி எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. இந்த விமானத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் நான்கு வரிகளில் இரண்டு வரி எல்லைக்கு அந்தப்பக்கம் வேறு மாதிரிச் சொல்லப்படுபவை. பலகை பல வருடம் அங்கேயே இருக்கும், பிள்ளைகள் அதைப் படித்து வளர்வார்கள். அதனால் எதை எழுதினேன், எதை விட்டேன் என்று கணக்குக் காட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் மாதிரியைப் பற்றி. இது 1:24 அளவு. உண்மையான நேட்டின் நீளம் 8.74 மீட்டர், நம் மாதிரியின் நீளம் 36 செ.மீ.க்குச் சற்று மேல். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை உண்மையில் 6.7 மீட்டர், நம்முடையதில் 28 செ.மீ. உயரம் வால் நுனியோடு சேர்த்து இரண்டரை மீட்டர்கூட இல்லை. வாசலில் பழனி சாலையில் போகும் டவுன் பஸ்ஸைவிட நீளத்தில் சிறியது இந்தப் போர் விமானம். பெட்டியின் பின்பலகையில் கறுப்பு அட்டையில் வெட்டி ஒட்டிய ஒரு பெரிய விமான நிழல் இருப்பதைப் பார்த்தீர்களா? அலங்காரம் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அது அமெரிக்கத் தயாரிப்பான சேபர் விமானத்தின் உருவம், அதே 1:24 அளவில். நீளம் 47 செ.மீ., அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவே. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் இந்தக் கட்டுரையில் பாதி புரிந்துவிடும்.

மரம் குமிழ். தேக்கில் செய்யலாமே என்று கேட்டேன். தேக்கின் ரேகை பெரிதாக இருப்பதால் இவ்வளவு சின்ன உருவத்தில் அது துருத்திக்கொண்டு தெரியும், வால் போன்ற மெல்லிய பகுதியில் ரேகையோடு பிளந்தும் போகும் என்றார். சிறுமலைப் பக்கம் வளரும் வெட்பாலையும் இதற்கு நல்ல மரம். கர்நாடகத்தில் சென்னபட்டணத்துப் பொம்மைகளைக் கடைவது அந்த மரத்தில்தான். ஆனால் காய்ந்த பலகையாகக் கிடைப்பது கஷ்டம்.

மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து என்று மூன்று கோணப் படங்களை அளவு குறைத்து அட்டையில் வெட்டி, அந்த அட்டையை மரத்தில் வைத்து வைத்துப் பார்த்து அரத்தால் தேய்ப்பதுதான் முறை. பிறகு பட்டி, எமரி தாள், பிரைமர், மறுபடி எமரி. பேட்டர்ன் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. உருகிய இரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். அதனால் பேட்டர்ன்காரர்கள் சாதாரண அளவுகோலைப் பயன்படுத்த மாட்டார்கள், சுருக்கத்துக்கு இடம்விட்டுக் கோடு போட்ட தனி அளவுகோல் வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் பெரிதாகவே செய்து பழகிய கையை, சொன்ன அளவுக்குச் சரியாகச் செய்யப் பழக்குவதற்கே முதல் கட்டை முழுக்கச் செலவாகிவிட்டதாம்.

இப்படி மரத்தில் விமானம் செதுக்குவது ஒருகாலத்தில் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும், 1942இல் அந்நாட்டுக் கடற்படை பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மர விமானங்கள் கேட்டது. கப்பலில் இருக்கும் பீரங்கிக்காரர்கள் தங்கள் விமானத்தையே எதிரி என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்க, உருவத்தை வைத்தே அடையாளம் காணப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இந்த மாதிரிகள். அளவு 1:72. முப்பத்தைந்து அடி தள்ளி நின்று பார்த்தால், உண்மை விமானம் அரை மைல் தூரத்தில் பறப்பது போலத் தெரியும் அளவு அது. பெயிண்டும் வெறும் கறுப்புதான், ஏனென்றால் வானத்தில் அந்தத் தூரத்தில் நிறம் தெரியாது, உருவம் மட்டும்தான் தெரியும். ஒரு பையன் மூக்கை அரை அங்குலம் கூட்டிச் செதுக்கிவிட்டால், அதைப் பார்த்துப் பழகியவன் தவறான விமானத்தைச் சுடுவான். எனவே சரிபார்த்து, பிசகியதைத் தள்ளிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

நம் பிள்ளைகள் விமானத்தின் இறக்கைக்குக் கீழே இரண்டு ஏவுகணை ஒட்டச் சொல்லி இரண்டு வாரம் பெரியவரைத் தொந்தரவு செய்தார்கள். அவர் மசியவில்லை. சரிதான். நேட்டில் ஏவுகணை கிடையாது. இன்ஜினுக்குக் காற்று போகும் இரண்டு பக்கவாட்டுத் துவாரங்களிலும் ஆளுக்கொன்றாக இரண்டு 30 மி.மீ. பீரங்கிகள், அவ்வளவுதான். பெட்டியில் உற்றுப் பார்த்தால் அந்தக் குழல்கள் தெரியும், ஊசியைத் தேய்த்து வைத்திருக்கிறார்.

பெரியது வேண்டாம் என்ற ஒருவர்

நேட்டை வடிவமைத்தவர் டபிள்யூ. ஈ. டபிள்யூ. பெட்டர் என்ற ஆங்கிலேயர். கான்பெரா என்ற புகழ்பெற்ற குண்டுவீச்சு விமானமும் அவர் வடிவமைப்புதான். 1950களில் ஜெட் போர் விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு எடை கூடிக்கொண்டும் விலை ஏறிக்கொண்டும் போயின. இது தவறான பாதை என்பது பெட்டரின் கட்சி. ஒரு விமானி, ஒரு இன்ஜின், இரண்டு துப்பாக்கி; இவற்றைத் தூக்கிக்கொண்டு போக எவ்வளவு சின்ன உடம்பு போதுமோ அவ்வளவே போதும் என்றார். ஃபாலண்ட் என்ற சின்னக் கம்பெனியில் முதலில் மிட்ஜ் என்று ஒன்றைச் செய்து 1954இல் பறக்கவிட்டார்கள். அதுவும் ஒரு பூச்சியின் பெயர்தான். அடுத்ததாக நேட் 1955 ஜூலை 18 அன்று பறந்தது.

சிறியதாகச் செய்வதற்கு அவர் செய்த சிக்கனங்கள் சுவாரசியமானவை. தரையிறங்கும் வேகத்தைக் குறைக்கவும் வானத்தில் திடீரென்று வேகம் குறைக்கவும் விமானங்களில் தனியாகப் பிரேக் தகடுகள் இருக்கும். நேட்டில் அதற்கென்று தனித் தகடு வைக்கவில்லை. சக்கரங்களைப் பாதி இறக்கினால் அவற்றின் மூடிகளே காற்றைத் தடுத்துப் பிரேக் ஆகிவிடும். ஒரே பொருளில் இரண்டு வேலை வாங்குவது. நம் வீடுகளில் இட்லிக் கொப்பரையில் பால் காய்ச்சுவது போல.

ஆனால் பிரிட்டிஷ் விமானப்படை நேட்டைப் போர் விமானமாக வாங்கவில்லை. இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானமாக மட்டும் வாங்கியது. சாகசம் காட்டும் ரெட் ஆரோஸ் குழு 1965 முதல் 1979 வரை பறந்தது அதில்தான். போர் விமானமாக வாங்கிய நாடுகள் மூன்றே மூன்று: பின்லாந்து பத்துப் பதினைந்துக்குள், யூகோஸ்லாவியா சோதித்துப் பார்க்க இரண்டு, மீதியெல்லாம் இந்தியா. 1956 செப்டம்பரில் நம் அரசு உரிமம் வாங்கி, பெங்களூர் ஹெச்.ஏ.எல். தொழிற்சாலையிலேயே செய்யத் தொடங்கியது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1962 வாக்கில் மூலப்பொருளிலிருந்தே இங்கு செய்ய ஆரம்பித்தார்கள். கடைசி நேட் 1974இல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

இந்த இடத்தில் அப்துல் கலாமை நினைக்காமல் இருக்க முடியாது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் காட்சிக்கு வைத்திருந்த, பறப்பதிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு விமானங்களின் அருகே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். படிப்பு முடிந்ததும் அவர் பயிற்சியாளராகப் போனது இதே ஹெச்.ஏ.எல்.லுக்குத்தான். காட்சிக்கு வைத்த ஒரு பொருள் எந்தப் பிள்ளையின் மண்டைக்குள் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? ஹாலில் இடத்தை அடைக்கிறது என்று சொன்னவர்களுக்கு இதுதான் என் பதில்.

நேட்டைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் அதன் குறைகளைச் சொல்வதில்லை. விமானிகளுக்கு அது செல்லப்பிள்ளையும் அடங்காப்பிள்ளையுமாக இருந்தது. வால் பகுதியைக் கட்டுப்படுத்தும் அமைப்பு அடிக்கடி தகராறு செய்தது. சண்டையின் நடுவே துப்பாக்கி சிக்கிக்கொள்வது தீராத புகார். பின்னாளில் ஹெச்.ஏ.எல். இவற்றைச் சரிசெய்து மேம்படுத்திய வடிவத்துக்கு அஜீத் என்று பெயர் வைத்தது. வெல்ல முடியாதவன் என்று பொருள். நடிகர் அஜித்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, கேட்டுவிட்டார்கள்.

வெள்ளி நிறமா, பச்சை நிறமா

மாதிரிக்கு என்ன நிறம் அடிப்பது என்பது சாதாரணக் கேள்வி போலத் தோன்றும். அதை முடிவு செய்தால் எந்தப் போர், எந்த வருடம் என்பதும் முடிவாகிவிடும். 1965 போர் தொடங்கியபோது நேட்டுகள் பெயிண்ட் இல்லாத வெள்ளி உலோக நிறத்தில் பளபளவென்று இருந்தன. தரையில் நிற்கும்போது மேலிருந்து பார்ப்பவனுக்குக் கண்ணாடி போல மின்னும் என்பதால், அவசர அவசரமாகப் பச்சை கலந்த மறைப்பு வண்ணம் அடிக்கத் தொடங்கினார்கள். 1971இல் பெரும்பாலும் அந்த வண்ணம்தான். ஆக வெள்ளியா பச்சையா என்பது, 1965இன் கதையா 1971இன் கதையா என்ற கேள்விதான்.

1965இன் கதை இப்படி. செப்டம்பர் 1 அன்று சாம்ப் பகுதியில் பாகிஸ்தானின் டாங்கிகளைத் தடுக்க நம்மவர்கள் பழைய வாம்பயர் விமானங்களை அனுப்பினார்கள். நான்கு திரும்பவில்லை. பாகிஸ்தானிடம் இருந்தது சேபர், கொரியப் போரில் பெயரெடுத்த விமானம். உடனே நேட்டுகளைப் பதான்கோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். செப்டம்பர் 3 அன்று மிஸ்டேர் விமானங்கள் சிலவற்றைக் கண்ணில் படும்படி உயரத்தில் பறக்கவிட்டு, நேட்டுகள் ரேடாருக்குத் தெரியாமல் தாழ்வாகத் தொடர்ந்தன. இரை என்று நினைத்துச் சேபர்கள் வந்தன. ஸ்குவாட்ரன் லீடர் ட்ரெவர் கீலர் ஒரு சேபரைச் சுட்டார். விடுதலைக்குப் பின் இந்திய விமானப்படை வானில் வீழ்த்திய முதல் விமானம் என்று அது கொண்டாடப்பட்டது, அவருக்கு வீர் சக்ரா கிடைத்தது. செப்டம்பர் 19 அன்று அவர் அண்ணன் டென்சில் கீலரும் நேட்டில் சண்டையிட்டு வீர் சக்ரா பெற்றார். ஒரே விமான வகை, ஒரே போர், அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே விருது. சேபர் ஸ்லேயர், அதாவது சேபர்களைக் கொன்றவன், என்ற பட்டப்பெயர் நேட்டுக்கு ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

பாகிஸ்தான் தரப்பு, கீலர் சுட்ட சேபர் கீழே விழவில்லை, பலத்த சேதத்தோடு தன் தளத்துக்குத் திரும்பி இறங்கிவிட்டது என்று சொல்கிறது. அதே செப்டம்பர் 3 அன்று இன்னொன்றும் நடந்தது. ஸ்குவாட்ரன் லீடர் சிகந்தின் நேட் கூட்டத்திலிருந்து பிரிந்து பஸ்ரூர் என்ற பாகிஸ்தான் விமானத் தளத்தில் இறங்கிவிட்டது. வழி தவறி, எரிபொருள் குறைந்து, நம் பக்கத் தளம் என்று நினைத்து இறங்கினார் என்பது இந்தியத் தரப்பு. எங்கள் ஸ்டார்ஃபைட்டர் மிரட்டி இறக்கியது என்பது அவர்கள் தரப்பு. அந்த நேட் இன்று கராச்சியில் உள்ள பாகிஸ்தான் விமானப்படை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு நிற்கிறது. டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் நிற்பதும் நேட்தான். அங்கே அது பிடிபட்ட கைதி, இங்கே அது வீரன். பக்கத்தில் வைத்த பலகையின் வாசகம்தான் வித்தியாசம்.

பலகை எழுதும் எனக்கு இது ஒரு எச்சரிக்கையாக இருந்தது. ட்ரெவர் கீலரின் துணிச்சலில் சந்தேகம் ஏதும் இல்லை. வலுவான எதிரி என்று பெயர் வாங்கிய ஒன்றை முதல் மோதலிலேயே ஓடவிட்டது அந்தப் படைக்கு எவ்வளவு தெம்பு கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் "இத்தனை சேபர்களை வீழ்த்தியது" என்று ஒரு எண்ணைப் பலகையில் பொறித்துவிட்டால், நாளைக்கு இணையத்தில் மறுபக்கத்தைப் படித்துவிட்டு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளை மற்ற வரிகளையும் நம்பாது.

இரண்டு தரப்பும் மறுக்காத சண்டை ஒன்று உண்டு. 1971 நவம்பர் 22, போர் முறைப்படி தொடங்க இன்னும் பதினோரு நாள் இருந்தது. கிழக்கே போய்ரா என்ற இடத்துக்கு மேலே, கல்கத்தா டம்டம்மிலிருந்து எழுந்த 22ஆம் ஸ்குவாட்ரனின் நான்கு நேட்டுகள் மூன்று சேபர்களை மறித்தன. மாஸி, கணபதி, லாசரஸ், சோரஸ் ஆகிய நால்வரும் விமானிகள். சண்டை சில நிமிடங்களில் முடிந்தது. இரண்டு சேபர்களின் விமானிகள் பாராசூட்டில் குதித்து இந்தியத் தரப்பிடம் சிக்கினார்கள். கண்ணெதிரே இரண்டு கைதிகள் இருக்கும்போது யாரும் மறுக்க முடியாது. மூன்றாவதையும் வீழ்த்தினோம் என்று நாம் சொல்கிறோம், அது சேதத்தோடு திரும்பிவிட்டது என்று அவர்கள் சொல்கிறார்கள்.

சிக்கியவர்களில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. 1997இல் அவர் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியாகவே ஆனார். அவரைச் சுட்ட டொனால்ட் லாசரஸ் அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார். பதிலும் வந்தது. இருபத்தாறு வருடத்துக்கு முன் ஒருவரையொருவர் கொல்லப் பார்த்த இரண்டு பேர். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஆனால் பலகையில் இதற்கு இடம் போதவில்லை.

ஸ்ரீநகர், டிசம்பர் 14

நம் மாதிரி பச்சை நிறத்தில் இருக்கிறது. பெரியவர் எடுத்துக்கொண்டது 1971 டிசம்பர் 14ஆம் தேதி.

அன்று காலை ஸ்ரீநகர் விமானத் தளத்தில் 18ஆம் ஸ்குவாட்ரனின் நேட்டுகள் காவலுக்கு நின்றன. பெஷாவரிலிருந்து ஆறு சேபர்கள் வந்தன, நான்கு குண்டு வீச, இரண்டு காவலுக்கு. மலைகளுக்கு நடுவே தாழ்வாக வரும் விமானத்தை ரேடார் முன்கூட்டிக் காட்டாது. மலையுச்சிகளில் காவலிருக்கும் ஆட்கள் கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. அப்படித் தகவல் வந்து, ஃபிளைட் லெப்டினன்ட் கும்மனும் ஃபிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செகோனும் ஓடுதளத்துக்கு வருவதற்குள் குண்டுகள் விழத் தொடங்கிவிட்டன. முதலில் கும்மன் எழும்பினார். அந்தப் புழுதி அடங்குவதற்காகக் காத்திருந்து செகோன் எழும்புகிற நேரத்தில் குண்டுகள் ஓடுதளத்தின் பக்கம் வெடித்துக்கொண்டிருந்தன. அந்த நிலையில் எழும்பாமல் விமானத்தை விட்டு இறங்கி ஓடியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மேலே போனதும் புகையிலும் மூட்டத்திலும் இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் பிரிந்துவிட்டார்கள். கும்மனால் திரும்ப வந்து சேர முடியவில்லை. செகோன் தனியாக, மர உயரத்தில், சேபர்களைத் துரத்தினார். அவர்கள் அவரைத் துரத்தினார்கள். சின்ன விமானம் சின்ன வட்டத்தில் திரும்பும் என்ற பெட்டரின் கணக்கு அங்கே கொஞ்ச நேரம் அவருக்குக் கைகொடுத்தது. கடைசியில் அவர் விமானம் சுடப்பட்டு, மலையிடுக்கில் விழுந்தது. உடைந்த பாகங்களைக் கண்டெடுத்தார்கள். உடல் கிடைக்கவில்லை. அவருக்குத் திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. விமானப்படையில் அந்த விருதைப் பெற்றவர் இன்று வரை அவர் ஒருவரே. விருதுக் குறிப்பு, அவர் இரண்டு சேபர்களைச் சுட்டுத் தாக்கியதாகச் சொல்கிறது. பாகிஸ்தான் தரப்பு, ஆறும் திரும்பி வந்தன என்கிறது. அவர் விமானத்தைச் சுட்டவரான சலீம் பேக் மிர்சா, பல ஆண்டுகள் கழித்து அந்தச் சண்டையைப் பற்றி எழுதியபோது செகோனின் வீரத்தைப் புகழ்ந்தே எழுதினார்.

செயற்குழுவில் இதைச் சொன்னபோது, நம் வீரர் சுட்ட கணக்கை நாமே விட்டுவிடுவதா என்று ஒரு அண்ணன் கோபப்பட்டார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் என்ன குறைகிறது? குண்டு விழும் ஓடுதளத்தில் எழும்பினார், தனியாக ஆறு பேரை எதிர்த்தார், ஓடவில்லை. இதைச் சுட்டவனே ஒப்புக்கொள்கிறான். எதிரியும் சாட்சி சொல்லும் வரியை வைத்துக்கொண்டு, எதிரி மறுக்கும் வரியை விட்டிருக்கிறேன். பலகை வாசகம் இது:

*நேட் போர் விமானம். இங்கிலாந்தில் வடிவமைத்து, பெங்களூர் ஹெச்.ஏ.எல். தயாரித்தது. 1:24 அளவில் குமிழ் மரத்தில் கையால் செதுக்கிய மாதிரி. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானத் தளத்தை ஆறு சேபர் விமானங்கள் தாக்கியபோது, 18ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஃபிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செகோன், குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுதளத்திலிருந்து இவ்வகை விமானத்தில் எழும்பி, தனியாக அவற்றை எதிர்த்துப் போரிட்டு உயிர் துறந்தார். பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர். பின்னால் தெரியும் கறுப்பு நிழல், அதே அளவில் ஒரு சேபர்.*

நான்கு வரி கேட்டார்கள், ஆறு ஏழு வரும் போலிருக்கிறது. எழுத்தைச் சின்னதாக்கச் சொல்லிவிடலாம். ஆட்சேபம் உள்ளவர்கள் அடுத்த பொதுக்குழுவுக்கு முன் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள், பலகை அதற்குப் பிறகுதான் அச்சுக்குப் போகும்.

பஞ்சாப்காரர் ஒருவர் காஷ்மீரில் போரிட்டதற்கும் ரெட்டியார்சத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் வழியாக நம் வாசலிலிருந்து மூன்று மணி நேரத்தில் சூலூர் போய்விடலாம். 1965 ஏப்ரல் 15 அன்று அம்பாலாவில் நேட் விமானங்களோடு தொடங்கப்பட்ட இந்த 18ஆம் ஸ்குவாட்ரன், மிக்-27 காலத்துக்குப் பின் கலைந்திருந்து, 2020 மே 27 அன்று சூலூர் விமானப்படைத் தளத்தில்தான் தேஜஸ் விமானங்களோடு மறுபடி செயல்படத் தொடங்கியது. ஊரடங்கு நேரம் என்பதால் நம்மில் பலர் அந்தச் செய்தியைக் கவனித்திருக்க மாட்டோம். கோவைக்குக் கல்யாணத்துக்குப் போய்வருகிறவர்கள் சூலூர் பக்கம் காதைப் பிளக்கும் சத்தத்தோடு ஒரு முக்கோண இறக்கை போவதைப் பார்த்திருப்பார்கள். தேஜஸும் இன்றைய போர் விமானங்களில் சிறிய வகைதான். நீளம் 13.2 மீட்டர், நேட்டைவிட நாலரை மீட்டர் கூடுதல்.

1:24 கணக்கில் அது 55 செ.மீ. வருகிறது. பெரியவர் கட்டை தேடிக்கொண்டிருக்கிறார். இரண்டு அடி நீளத்தில், ரேகை நேராக ஓடும், நன்றாகக் காய்ந்த குமிழ் அல்லது வெட்பாலைப் பலகை யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் பி பிளாக்கில் சொல்லுங்கள். விலை கொடுப்பார். ஞாயிறு காலையில் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தால் எமரி தாள் போடவும் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏவுகணையைப் பற்றி மட்டும் பேச்செடுக்காமல் இருந்தால் நல்லது என்றார். தேஜஸில் ஏவுகணை உண்டு என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.